நாணுவுக்குப் போகாத எச்சரிக்கை

பொம்மசந்திரா,
வியாழன் மாலை.

பெருமதிப்பிற்குரிய அப்பாதுரை மாமாவுக்கு, கவியரசன் கைகூப்பி எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதியது மரியாதைக்காக.

நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை நாளைக்கு இருக்குமா தெரியவில்லை மாமா. இங்கே ஐஸ்கிரீம் கிடங்கில் குளிர் குறைந்தால், சர்வரில் நான் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் என்ற குட்டி புரோகிராம் தானாகப் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஒருவர்பின் ஒருவராகத்தான் அனுப்பும், ஒருவருக்கு மூன்று வினாடி. எங்கேயாவது மாட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாதே என்று முப்பது வினாடி கெடு வைத்தேன்; அதைத் தாண்டினால் சர்வரே ஸ்கிரிப்டை நிறுத்திவிடும். முதலில் இருந்தது ஒரே பெயர், குளிர் மெஷினை ஓட்டும் நாணு. மேனேஜர் கோவிந்தப்பா பார்த்துவிட்டு, "என்னப்பா இது? ஸ்வல்ப, கொஞ்சம் யோசிக்க வேணாமா? பெரியவங்க இருக்கறப்ப நாணுவுக்கு மொதல்ல போனா மரியாதையா? எம்.டி. சார்லேர்ந்து வரிசையா போடு, நாணு கடைசி" என்றார். போட்டேன். பெரியவர்கள் பத்துப் பேர், நாணு பதினொன்று. கெடுவை மாற்றணும்னு எனக்குத் தோணவே இல்லை மாமா!

நேற்று மத்தியானம் குளிர் குறைந்தது. பத்துப் பேருக்கும் செய்தி போனது, முப்பது வினாடி முடிந்தது, ஸ்கிரிப்ட் செத்தது. பத்துப் பேரும் 'நாணு பார்த்துக்குவான்' என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்கள். நாணுவோ கிடங்கு வாசலிலேயே சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐயையோ மாமா, கதவைத் திறந்தால் வெனிலாவும் மாம்பழமும் கலந்து கணுக்கால் அளவு நிற்கிறது! "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுவிட்சைப் போட்டிருப்பேனே சார்" என்கிறான் நாணு.

அவனை முதலில் போடட்டுமா என்று கேட்டால், "சே சே, அது ஆகாது" என்கிறார் கோவிந்தப்பா. கெடுவை இரண்டு நிமிடமாக ஏற்றிவிட்டேன். நாளை எம்.டி. விசாரணை. நான் இன்னும் நிரந்தரமாகாதவன், தலை உருண்டால் என் தலைதான் உருளும். ஓசூரில் வேறு வேலை பாருங்கள் மாமா, ஐஸ் இல்லாத இடமாக இருந்தால் போதும்.

அத்தைக்கு வணக்கம், தர்ஷினிக்கு அன்பு. உங்கள் ஆசி இப்போது எனக்கு அவசரம்.

தங்கள் மருமகன்,
கவியரசன்

பின்குறிப்பு, வெள்ளி: வேலை தேட வேண்டாம் மாமா. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்! எம்.டி. சொன்னார்: "ரெண்டு நிமிஷமா? அவ்ளோ நேரம் குடுத்தா எதுவும் மெதுவாத்தான் வேலை செய்யும். மூணு செகண்ட் வை, ஓடோடிப் போகும்." உத்தரவும் போட்டுவிட்டார். மூன்று வினாடியில் ஒரே செய்திதான் போகும், அதுவும் வரிசையில் முதலில் இருக்கும் அவருக்கு மட்டும். அவர் திங்களன்று சிங்கப்பூர் போகிறார். எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன், கோவிந்தப்பா என் காலை மிதித்தார். ஆகவே கோவிந்தப்பா எனக்குக் கொடுத்த புதிய பதவி, சீனியர் எச்சரிக்கை இன்ஜினியர். வேலை, நாள் முழுக்க நாணு பக்கத்தில் உட்கார்ந்து, குளிர் குறைந்தால் "நாணு!" என்று கத்துவது.