கடலைப் பார்த்ததற்குப் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்

சிங்கப்பெருமாள் கோயில்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜானகிராமன் அண்ணனுக்குத் தங்கை சரோஜா வணங்கி எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. செய்யூரில் அண்ணியும் பிரபாவும் வேர்க்கடலைச் செடிகளும் அதேபோல் இருக்க வேண்டும்.

நேற்று என் பி.ஏ. வரலாற்றின் கடைசிப் பரீட்சை. இதில் தேறினால்தான் அங்கன்வாடி மேற்பார்வையாளர் வேலைக்கு நான் மனுப் போட முடியும். மகாபலிபுரம் பக்கம் ஒரு கல்லூரி, மூன்றாவது மாடி, இந்த முறை பேனா கிடையாது, கம்ப்யூட்டர்தான் என்றார்கள். ஐம்பது கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்து அழுத்தி முடித்தேன். அடுத்து, பல்லவர் காலக் கடல் வாணிகம் பற்றிக் கட்டுரை. யோசிக்கத் தலையைத் திருப்பினால் சன்னல் முழுக்கக் கடல், அண்ணா. சவுக்குத் தோப்புக்கு மேலே கப்பல்கள் மெல்ல வர ஆரம்பித்தன, மிளகு வாசனைகூட வந்தது, யாரோ ஒருவன் இறங்கி என்னிடம் ஏதோ கேட்கிறான், அதற்குள் ‘திரையை மட்டும் பார்க்கவும்’ என்று சிவப்பு எழுத்து. பார்த்தேன். வெறும் வெள்ளை. மறுபடி கடல். மூன்றாவது சிவப்பு எழுத்தோடு கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது.

அதைப் பராமரிக்கும் கலையரசன் ஓடி வந்தார். “இன்னாக்கா, எங்க பாத்துகினு கீற? நீ காப்பி அடிக்கிறேன்னு கேமரா சொல்லுது.”

“கடலைத்தாம்பா பாத்தேன்.”

“கடல்ல ஆன்சர் எழுதிக்கீதா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்காணிப்பாளர் சுந்தரவல்லி மேடம், “நகருங்க, நான் பாக்கறேன்” என்று என் நாற்காலியில் உட்கார்ந்து பூட்டைத் திறந்தார். திறந்தவர் சன்னல் பக்கம் திரும்பினார். அப்படியே இருந்தார். நாங்கள் இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் மேடமும் காப்பி அடிப்பதாகச் சொல்லி மறுபடி பூட்டிக்கொண்டது.

மேடம் பெருமூச்சு விட்டு, “பேப்பர் எடுத்துட்டு வாப்பா” என்றார்.

பதினொரு பக்கம் எழுதினேன், அண்ணா. எங்கே பார்க்கிறாய் என்று காகிதம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகும் பிரபாவிடம் சொல்லிவையுங்கள்: கம்ப்யூட்டரில் பரீட்சை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. பிரபா நன்றாகப் படித்து நீண்ட நாள் சந்தோஷமாக இருக்கட்டும்.

தங்கை,
சரோஜா

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் ஒன்றரை மாதமாகக் கைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறேன். இன்று ரிசல்ட். நாற்பத்திரண்டு மார்க், பாஸ்! அத்தனையும் கம்ப்யூட்டரில் அழுத்திய ஐம்பது கேள்விகளில் கிடைத்தது. கட்டுரைக்கு நேரே ‘எழுதவில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். பிரபாவைக் கம்ப்யூட்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். மனுவை நாளைக்கே போடுகிறேன். ஆனாலும் அந்தப் பதினொரு பக்கத்தை யாராவது ஒருத்தராவது படித்திருக்கலாம், அண்ணா.