விசா வக்கீலுக்குப் பெண் கொடுக்கலாமா?

கோயமுத்தூர்
12.2.1995

பெருந்துறை ஜனாப் அப்துல் வஹீது பாய் அவர்களுக்கு, பூட்டுக்கடை நசுருதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நஃபீசாவும் மகன் அர்ஷத்தும் சுகம். உங்கள் வீட்டார் சுகத்துக்கும் துஆ செய்கிறோம்.

மகள் ஃபஹீமா ஏதோ கொஞ்சம் படித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அது போதும். பெண்ணைக் கொடுக்கும் முன், குடியேற்றச் சட்டத்தில் பையனுக்கு வருமானம் எப்படி, பிற்காலம் எப்படி என்று நீங்கள் கேட்டது நியாயம். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வெளிநாடு போகிறவர்களுக்கு விசா வாங்க வழிசெய்யும் வக்கீல் அவன். இரண்டு வருடம் சீனியரிடம் சம்பளமில்லாமல் இருந்தான்; டீ மட்டும் தவறாமல் கிடைத்தது. அதிலிருந்து முன்னேறி, இப்போது காந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே தனி அறை. முதலில் வந்தவர் சோமனூர் வேலன். நாற்பது தறி, இரண்டு வீடு, லண்டனில் மகள். பேத்தியைப் பார்க்கப் போக வேண்டும். சொத்துப் பத்திரங்களை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்து, அர்ஷத் அவரை மெட்ராஸ் விசா ஆபீசுக்கு அனுப்பினான். "திரும்பி வர ஊரில் என்ன இருக்கிறது?" என்று விசா ஆபீசர் கேட்க, "பெருசா ஒண்ணுமில்லீங்க, ஏதோ ரெண்டு தறி ஓடுதுங்க" என்றாராம். பையைப் பிரிக்கவே இல்லை. விசா இல்லை. அர்ஷத் கேட்டதற்கு, "ஏனுங்க வக்கீல் தம்பி, முன்னப்பின்ன தெரியாதவிககிட்ட இருக்கறதையெல்லாம் சொன்னா கண்ணு பட்டுப்போயிராதுங்களா?" என்றார். அடுத்து வந்த சுந்தரராஜுலுவுக்குக் கூச்சம் போக ஒரு வாரம் பயிற்சி கொடுத்தான். அது அதிகமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் காரையும் தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கும் இல்லை. இருவருக்கும் பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

ஆக, வருமானம் ஏதோ வருகிறது. பிற்காலம் அல்லாஹ் விட்ட வழி. பிடிக்காவிட்டால் சொல்லிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. இருக்கும், நிறையவே இருக்கும். நஃபீசா இப்போதே நிக்காஹுக்குச் சமையல்காரரிடம் பேசிவிட்டாள். வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
நசுருதீன்

பி.கு.: அர்ஷத் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "என்னங்க அத்தா, நீங்களும் வேலண்ணனாட்டமே எழுதிப்போட்டீங்க!" என்கிறான். மறுதடவை வேலனுக்கு விசா கிடைத்ததும், இப்போது கட்சிக்காரர்கள் மாடிப்படி வரை நிற்பதும், போன மாதம் இரண்டாவது அறை எடுத்ததும் நான் எழுதவில்லையாம். பெருமையடித்ததாக ஆகுமே என்று விட்டேன். வருமான வரி கட்டிய ரசீதும், வேலன் பேத்தியோடு நிற்கும் போட்டோவும் இத்துடன் உள்ளன. மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். ஃபஹீமா படித்த அந்த 'ஏதோ கொஞ்சம்' பற்றியும் அர்ஷத் கேட்கிறான்: எத்தனை மெடல்?