தீவுக்குப் போன வேன்

புத்தகம் படிக்கிறவன் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பினால் முதல் சேதாரம் ஊருக்குத்தான். அவனைக் கடித்துப் புத்தி சொல்ல ஆமைக்குப் பல் இல்லை. அந்த வேலையைக் கடைசியில் நாய்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. எனக்கு இருபத்தைந்து வயதும் அதற்குத் தகுந்த அறிவும் இருந்தன. (அறிவு என்று சொன்னது மரியாதைக்காக.) ராயபுரத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. வீடு திருவொற்றியூரில், அலைச் சத்தமும் லாரிச் சத்தமும் முறைபோட்டுக் கேட்கும் ஒரு தெருவில். வேலை முடிந்தால் நூலகம். அங்கே கடலாமைகளைப் பற்றிய ஒரு புத்தகம் கையில் சிக்கியது. எனக்கு முன் யாரும் அதைத் திறந்ததற்கான அறிகுறி இல்லை. நானும் திறக்காமல் இருந்திருக்கலாம்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி. கிழக்கே கடல், மற்ற பக்கம் கழியும் கால்வாயும். பொங்கல் கழிந்து பங்குனி வரை அந்த மணலில் கடலாமைகள் ஏறி, குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். விடிந்ததும் நாய்கள் வந்து டிபனை முடித்துக்கொள்ளும். இது பல வருடங்களாக எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்துவந்தது. தடங்கல் செய்ய நான் முடிவெடுத்தேன்.

‘தீவு உயிரினப் பாதுகாப்பு இளைஞர் மன்றம்’ பிறந்தது. பெயர் ரப்பர் ஸ்டாம்பில் அடங்கவில்லை. உறுப்பினர்கள் ஒரே பெஞ்சில் அடங்கினார்கள். அவர்களும் மன்றத்தில் கேரம் போர்டு உண்டு என்று நம்பி வந்தவர்கள். கட்டுரைப் போட்டி வைத்தேன். என் தங்கை மட்டும் எழுதினாள், அதுவும் நான் மிரட்டியதால். தெரு நாடகம் போட்டேன். என் நண்பன் சேகர் முதுகில் பிரம்புக் கூடையைக் கட்டிக்கொண்டு ஆமையாகத் தவழ்ந்தான். கதறிக் கதறி நான் வசனம் பேசி முடித்ததும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "கோழிய எப்போ தொறந்து வுடுவீங்கோ?"

இந்த லட்சணத்தில் வனத்துறைக்கு மனு மேல் மனு. முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்து, வேலி போட்டுப் பொரிக்க வைக்க எங்களுக்கு அனுமதி வேண்டும் என்று. தொல்லை தாங்காமல் ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களை மாதிரி நிறைய பேரைப் பாத்துட்டேன். அஞ்சு பேர் வருவீங்க, போட்டோ எடுப்பீங்க, போயிடுவீங்க. ஊர் ஜனம் வருமா? ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நான் அங்கே வர்றேன். ஆளுங்களைக் காட்டுங்க. அனுமதி தர்றேன். இல்லேன்னா இந்த வருஷத்தை மறந்துடுங்க."

இந்த வருஷத்தை மறந்தால், இந்த வருஷத்து முட்டை முழுக்க நாய்க்கு. டீக்கடைக் கரும்பலகையைக் கடன் வாங்கி, சாக்பீசால் அழகாக எழுதினேன்.

‘தீவுக்குப் போவோம், வாரீர்! ஞாயிறு மாலை. வேன் இலவசம். குடும்பத்துடன் வருக!’

சேகர் தலையைச் சாய்த்துப் படித்தான். "இன்னா மாமு இது, தீவு கீவுன்னு? அத்த எல்லாரும் அக்கரைன்னுதான சொல்றாங்கோ. அக்கரைன்னே போடு."

"அக்கரைன்னு எழுதினா, அக்கறையைத் தப்பா எழுதிட்டான்னு படிச்சவங்க நினைப்பாங்கடா."

"நம்ம தெருவுல படிச்சவன் நீ ஒர்த்தன்தான். நீயே எய்தி நீயே நெனச்சிக்கோ."

நான் மாற்றவில்லை. மூன்று பக்கம் நீர் இருந்தால் தீபகற்பம், நான்கு பக்கம் இருந்தால் தீவு. பூகோளத்தில் சமரசம் கிடையாது.

சென்னைக்காரர்கள் இந்நேரம் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் தீவு என்றால் ஒன்றே ஒன்றுதான்: தீவுத்திடல். கூவத்தின் இரண்டு கைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மைதானம். வருடா வருடம் பொங்கலை ஒட்டி அங்கே பொருட்காட்சி நடக்கும். ராட்சத ராட்டினம், முறம் அகலத்துக்கு டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பேய் வீடு, கண்ணாடித் தொட்டிக்குள் கடல் கன்னி. நான் பலகை எழுதியபோது பொருட்காட்சி ஜேஜே என்று நடந்துகொண்டிருந்தது. இது என் மூளைக்குள் நுழையவே இல்லை. உள்ளே ஆமைகள் உட்கார்ந்திருந்தன.

ஞாயிறு மாலை. மன்றத்து இளைஞர்கள் ஒருவரும் இல்லை. தண்டையார்பேட்டையில் கிரிக்கெட் ஃபைனல். ("கப்பு மாமு, கப்பு! ஆமை எங்க பூடப் போவுது?") மனம் உடைந்து தெருமுனைக்குப் போனால், வேனைச் சுற்றி ஜனம்! பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகை, பவுடர் அப்பிய பிள்ளைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமைக்காக என் தெரு பட்டுடுத்தி வந்திருக்கிறது!

முன்னால் நின்றவர் கண்ணகி அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் தெருவில் விற்பவர். அவர் குரலுக்கு முன்னால் வேன் ஹாரன் ஒன்றுமில்லை. கையில் ஒரு பெரிய ஒயர் கூடை.

"இன்னா மூர்த்தி, எல்லாத்தியும் சுத்திக் காட்டுவியா? அவசர அவசரமா இட்டாந்துட மாட்டியே?"

"ஒண்ணு விடாம காட்டறேன்க்கா."

"கடல் கன்னி கீதாமே?"

அறியாத ஜனங்களின் கற்பனை என்று எண்ணி, மிகுந்த கருணையோடு சிரித்தேன். "கடல் கன்னி எல்லாம் கட்டுக்கதைக்கா. அங்கே இருக்கிறது ஆமை."

அக்கா பின்னால் திரும்பிக் கூவினார்: "அடியே, இந்த வருசம் ஆமைகூட வெச்சிகீறானாம்!"

வேன் கிளம்பி வடக்கே திரும்பியது. தீவுத்திடல் தெற்கே. லாரி நெரிசலுக்குப் பயந்து மணலிப் பக்கம் சுற்றிப் போகிறான் என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கம் சொன்னார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து, அதிகாரி முன் ஆற்ற வேண்டிய உரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எண்ணூரில் இறங்கினோம். டிரைவருக்கு வேறு சவாரி. பொழுது சாயத் திரும்பி வருகிறேன் என்று வேனோடு போய்விட்டான்.

கண்ணகி அக்கா சுற்றிலும் பார்த்தார். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. கழி. சேறு. ஒரு படகு.

"இது எண்ணூரு."

"ஆமாக்கா."

"தீவுக்கு எவண்டா எண்ணூர் வழியா போவான்?"

"இதோ, எதிர்ல தெரியுதே, அதான்கா தீவு!"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவர்களுக்கும் உறைத்தது. எண்ணிக்கையில் அவர்கள் அதிகம்.

"டேய், அது அக்கரைடா! என் நாத்தனார் வூடு அங்கதான் கீது! நாத்தனார் மூஞ்சியப் பாக்கவாடா நான் பட்டுப் பொடவ கட்டிகினு வந்தேன்?"

பிள்ளைகள் ஒரே சுருதியில் அழத் தொடங்கின. "ராட்டினம்! ராட்டினம்!" ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றினார். (சேற்றில் நடப்பதற்காக என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.) வேன் வரும்வரை போக்கிடம் இல்லை. "வந்தது வந்தாச்சு. இன்னாதான் காட்றான்னு பாப்போம், அப்பால இவன வெச்சிக்கலாம்" என்று அக்கா தீர்ப்புச் சொல்ல, படகு எங்களை ஏற்றிக்கொண்டு நடை நடையாக அக்கரைக்குப் போனது. தீவு என்ற சொல்லை அந்தப் படகில் நான் உச்சரிக்கவில்லை.

அங்கே அதிகாரி காத்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். "பிரமாதம் தம்பி! திருவிழா மாதிரி வந்திருக்காங்களே!" நான் பல்லைக் காட்டினேன். பேச்சை மாற்றுவதற்காக உரையைத் தொடங்கினேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் அக்காவிடம் நேராகப் போய்விட்டார்.

"அம்மா, ஆமைன்னா உங்களுக்கெல்லாம் இவ்வளவு ஆசையா?"

"ஆமையா? நாங்க எக்ஸிபிஷனுக்கு வந்தோம் சார். இந்தக் கஸ்மாலம் தீவுன்னு எய்திப் போட்டு இங்க தள்ளிகினு வந்துட்டான். இவன்மேல எதுனா கேஸ் போட முடியுமா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்போ ஆமைக்காக யாரும் வரலை."

"இவன் ஒர்த்தன்தான் சார்" என்றார் அக்கா, ரொம்ப நியாயமாக.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அவ்வளவுதான். என் மன்றம், என் மனுக்கள், வரப்போகும் ஆமைகள், எல்லாம் அந்தப் பையோடு முடிந்தன. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அலையோரத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"ரப்பர் பாலு! மண்ணுக்குள்ள இம்மாம் பாலு கீது!"

ராட்டினம் கிடைக்காத பிள்ளைகள் மணல் வீடு கட்டத் தோண்டியிருந்தார்கள். கடற்கரை அத்தனை நீளம் கிடக்க, சரியாக ஆமைக் குழியின் மேலேயே. உள்ளே வெள்ளை வெள்ளையாக, மேசைப் பந்துபோல முட்டைகள்.

"தொடாதே!" அதிகாரி ஓடினார். குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "வாசனை வெளியில வந்தாச்சு. இப்படியே விட்டா இருட்டுறதுக்குள்ள நாய் தின்னுடும். மேட்டுக்கு மாத்தணும். ஆனா முட்டை புரளக் கூடாது. புரண்டா உள்ளே இருக்கிறது செத்துடும். எதுல எடுக்கிறது?"

ஆமைக்காகவே வந்த என்னிடம் இருந்தவை: உரை, ரப்பர் ஸ்டாம்பு.

கண்ணகி அக்கா கூடைக்குள் கைவிட்டு, பொருட்காட்சியில் சாப்பிடக் கட்டியிருந்த புளிசோற்றுப் பொட்டலங்களை அள்ளி என் கைகளில் திணித்தார். "இத்த புடி. கூடைல ஈர மண்ணு போடுங்கடி. சார், நீ எப்டி எடுக்கணும்னு சொல்லு, நாங்க எடுக்கறோம்."

அதிகாரி சொல்லச் சொல்ல, பட்டுப்புடவைகள் மணலில் மண்டியிட்டன. முந்தானையைச் செருகிக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நானும் கைநீட்டினேன். கை நிறையப் பொட்டலங்கள். "நீங்க தள்ளி நின்னு நாய் வருதா பாருங்க" என்றார் அதிகாரி.

வந்தன. முட்டைக்காக வந்த நாய்களுக்குப் புளிசோற்று வாசனை முதலில் எட்டியது. அவை என்னைப் பார்த்தன. நான் ஓடினேன். பொட்டலங்களைக் கீழே போட்டிருக்கலாம். ஆனால் அவை கண்ணகி அக்காவின் பொட்டலங்கள். நாய்க்கு ஒருமுறை பயந்தால் போதும், பிறகு அது விடாது. காட்டுப்பள்ளிக் கரையில் வெகுதூரம் ஓடி, கால்சட்டையின் பின்பாகத்தையும், பிறகு புளிசோற்றையும் இழந்து, ரப்பர் ஸ்டாம்போடு மட்டும் திரும்பினேன்.

அதற்குள் மேட்டில் புதுக் குழி மூடப்பட்டு, சுற்றிலும் சவுக்குக் கிளைகள் நடப்பட்டிருந்தன. "நாயை வேற பக்கம் இழுத்துட்டுப் போனீங்களே, நல்ல யோசனை" என்றார் அதிகாரி. கேலியா பாராட்டா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அக்காவிடம் கேட்டார்: "வேலி போட்டாச்சு. யார் பாத்துக்குவா?"

"என் நாத்தனார் கீறா இல்ல? அவ வாயிக்கு நாயி இன்னா, நரிகூட வராது. நாங்களும் முறை வெச்சிகினு வந்து பாக்கறோம். கையால எடுத்து வெச்சிட்டோம், அப்டியே வுட்டுட்டுப் போவ மனசு வர்ல சார்."

பேனா மறுபடி வெளியே வந்தது. அனுமதி கிடைத்தது, கண்ணகி அக்காவின் பெயரில். "அந்தத் தம்பிக்கு எதுனா வேலை குடுங்க" என்றார் அதிகாரி. அக்கா யோசித்தார். "நாயிக்குச் சோறு வெக்கட்டும்."

மன்றம் அன்றோடு கை மாறியது. நான் துண்டறிக்கை அடித்தும் அசையாத இளைஞர்களை அக்கா ஒரே வாக்கியத்தில் அசைத்தார்: "கரையில கீற கிழிஞ்ச வலைய பொறுக்க வராதவன் வூட்டுக்கு இனிமே மீனு கெடையாது." சேகர் கப்போடு வந்து, அந்தக் கப்பிலேயே நைலான் துண்டுகளைப் பொறுக்கினான். எடுத்து வைத்த முட்டைகள் எல்லாம் பொரிக்கவில்லை. பிள்ளைகள் புரட்டியவை போய்விட்டன. அதற்காக அக்கா என்னைத் திட்டினார், பிள்ளைகளை அல்ல. ஆனால் பங்குனியில் ஒரு விடியற்காலை மணல் கொதிப்பதுபோல அசைந்து, உள்ளங்கை அளவுக் குஞ்சுகள் கடலைப் பார்த்து ஓடின. நாத்தனாரும் அண்ணியும் அக்கம்பக்கமாக நின்று, சண்டை போடாமல் பார்த்தார்கள். அதுவே ஓர் அதிசயம் என்று குப்பத்தில் பேச்சு.

போன மாதம் என் தங்கை மகள் கல்யாணம். திருவொற்றியூர்ச் சொந்தங்களை மண்டபத்துக்கு அழைத்துவர வேன் ஏற்பாடு என் பொறுப்பு. வாசலில் நின்று "ஏறுங்க, ஏறுங்க" என்கிறேன். ஒருவரும் ஏறவில்லை. வரிசையாக டிரைவரிடம் போகிறார்கள். "இது எங்கப்பா போவுது?" அவர் சொல்கிறார். அதன் பிறகே ஏறுகிறார்கள். அடுத்தவர்: "எங்கப்பா போவுது?" என் மனைவி கேட்டாள். என் மகள் கேட்டாள். அன்று பிறந்தே இராத பொடிசுகள்கூடக் கேட்டன.

கடைசியில் டிரைவர் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்கோ. நீங்க இவங்கள முன்ன எங்கியாவது கடத்திகினு போனீங்களா?"