ரீலுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

மயூர் விஹார்,
வியாழக்கிழமை.

துவாரகாவில் நாலாவது மாடியில் குடியிருந்துகொண்டு லிஃப்ட் ஓடுகிற நாளில் மட்டும் பூமிக்கு இறங்கி வருபவரும், செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனவரும், எனக்கு மச்சானாகவும் சம்பந்தியாகவும் இரண்டு வழியில் வாய்த்தவருமான உயர்திரு சந்திரசேகர் அவர்களுக்கு அத்தான் கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ கோபமாக இருப்பதாகக் கேள்வி. அந்தக் கோபமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இல்லை மச்சான், நடக்கவில்லை. நீ எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். உன் பொண்ணு பிரியாவுக்கு வளைகாப்பு நடக்கவில்லை. நடக்காத வளைகாப்புக்குப் பொண்ணைப் பெத்தவனை எப்படியய்யா அழைக்கிறது? “என் அக்கா பிள்ளைக்குத் தாய்மாமனும் நான்தான், மாமனாரும் நான்தான், என்னை விட்டுட்டு ஊரையே கூப்பிட்டு விசேஷம் பண்ணியிருக்கீங்க, இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். அதோடு சரி. என் போனை நீ எடுக்க வேண்டாம், நான் உன்னைக் கேலி பண்ணியே வயசைக் கழித்தவன். பிரியா போனையும் எடுக்கவில்லையே, அதைத்தான் கேட்கிறேன். தினமும் சாயங்காலம் உனக்குப் போன் போடுகிறாள், மணி அடித்து அடித்து ஓய்கிறது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பெரிய முறுக்கு ஆர்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, இன்னும் அடுப்பு பத்த வைக்கவில்லை. “அப்பா ஒரு வார்த்தை பேசட்டும் மாமா, அப்புறம் பார்க்கலாம்” என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். உன் மாப்பிள்ளை பிரதீப் மெட்ரோவில் கொண்டுவந்து கொடுப்பான். ஒரே நீலக் கோட்டு வண்டி, இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம் இறங்கலாம், உன் கோபத்தைத் தவிர வழியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எனக்கு நேற்றுக் கண்ணில் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறேன், நான் சொல்லச் சொல்ல உன் அக்கா தங்கம் எழுதுகிறாள். எழுத்து அழகாக இருந்தால் அவளுடையது, விஷயம் அழகாக இருந்தால் என்னுடையது.

எல்லாத்துக்கும் ஆரம்பம் உன் பையன் அக்ஷய். குர்காவ்ல மார்க்கெட்டிங் பார்க்கிற பிள்ளை, தமிழ் பேசினா ஹிந்திக்காரன் மாதிரி இருக்கும், ஹிந்தி பேசினா இங்கிலீஷ்காரன் மாதிரி இருக்கும், ஆனா நல்ல பையன். பிரியாவோட முறுக்கு வியாபாரத்துக்கு ஒரு பேஜ் இருக்கே, அதைப் பார்க்கிறவங்க திடீர்னு குறைஞ்சுட்டாங்கன்னு அவனைக் கூப்பிட்டா. வந்து சோபாவுல உக்காந்து, “தீதி, ஆப்ல எல்லாம் மாறிடுச்சு, பழைய ஸ்டைல் இனிமே நஹி சலேகா, ஓடாது” அப்படின்னு ஆரம்பிச்சான். முன்னாடி சதுரமா இருந்த கட்டம் எல்லாம் இப்போ நெட்டுக்குத்தலா நிக்குதாம். அதனால பழைய போட்டோ எல்லாம் ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுக் கிடக்கு. குடும்பத்தோட எடுத்த படத்துல நடுவுல நின்ன உன் அக்கா முழுசா இருக்கா, ஓரத்துல நின்ன நான் ஒரு காதும் அரை மீசையுமா இருக்கேன். நான் கவர்மென்ட் டிரைவரா இருந்து எத்தனையோ சாஹேபுங்களை ஏத்தி இறக்கினவன், எட்டாங் கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவன்னாலும், சர்க்குலர் ஒண்ணு வந்தா ஆபீஸ்ல எல்லாரும் எப்படி ஓடுவாங்கன்னு தெரியும். இது அதைவிட மோசம் மச்சான். சர்க்குலராவது தபால்ல வரும். இவங்க ராத்திரி மாத்திட்டுக் காலைல சொல்லாமலே இருந்துடறாங்க.

அப்புறம் அந்த இதயம். நான் தினமும் காலைல பல் விளக்கினதும் மருமக போடற படத்துக்கெல்லாம் ஒரு இதயம் குத்துவேன். இப்போ இதயத்துக்கு அவ்வளவு மதிப்பு இல்லையாம். எத்தனை கண்ணு பார்த்துச்சுங்கறதுதான் முன்னாடி நிக்குதாம், அதைவிடப் பெருசு, பார்த்தவங்க அதை இன்னொருத்தருக்குத் தனியா அனுப்பறாங்களாங்கறதாம். ஹாஷ்டேக்னு ஒண்ணு, பிரியா ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தோரணம் மாதிரி கட்டி விடுவா, இப்போ நாலஞ்சுக்கு மேல வேணாம்னுட்டான். அதுக்குப் பதிலா, ஜனங்க எப்படித் தேடுவாங்களோ அந்த வார்த்தையிலயே எழுதணுமாம். தில்லியில கை முறுக்கு எங்க கிடைக்கும்னு ஒருத்தன் தேடினா நம்ம பேஜ் வந்து நிக்கணும். முன்பின் தெரியாதவங்களுக்கு மட்டும் முதல்ல காட்டிப் பார்த்து, தேறினா அப்புறம் தெரிஞ்சவங்களுக்குக் காட்டற வசதியும் வந்திருக்காம். எங்க கல்யாணத்தப்போ அந்த வசதி இருந்திருக்கக் கூடாதான்னு கேட்டேன். (உன் அக்கா பேனா முனையால் என் கையில் குத்துகிறாள். குத்தட்டும், எழுதினாளா இல்லையா.)

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு அவசரம்னா, கோல் மார்க்கெட் பக்கம் நம்கீன்னு காரப் பலகாரக் கடை வெச்சிருக்கிற லாலாஜி இருக்காரே, அவர்கிட்ட பிரியா போய், உங்க கடையில என் முறுக்குக்கு ஒரு தட்டு இடம் குடுங்கன்னு கேட்டிருந்தா. அவர், “பேட்டி, மகளே, பஹ்லே வியூஸ் திகாவ், எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு காட்டு, அப்புறம் பேசலாம்”னு சொல்லிட்டார். நம்கீன் விக்கிற மனுஷன், முறுக்கைக் கடிச்சுப் பார்க்க மாட்டேங்கறார், போனைப் பார்த்துட்டுக் கடிப்பாராம். காலம் அப்படி. சரின்னு அக்காவும் தம்பியும் சேர்ந்து ரீல்னு ஒரு குட்டி வீடியோ எடுத்தாங்க. பிரியா கை மட்டும் தெரியும், மாவு விரல்ல சுத்திச் சுத்தி முறுக்கா விழும், பார்க்க அவ்வளவு லட்சணம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குப் போடறோம், போட்ட சூட்டோட எல்லாரும் பார்க்கணும், பார்த்துட்டு அனுப்பணும், தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லி வைங்கன்னுட்டு அக்ஷய் கிளம்பிட்டான்.

சொல்லி வைங்கன்னா எப்படிச் சொல்றது? போன்ல மெசேஜ் போட்டா எவன் மதிக்கறான்? நம்ம வழக்கத்துல ஒரு மனுஷனை வரச் சொல்லணும்னா வீட்டுக்குப் போய், தட்டு வெச்சு, வெத்தலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோட சொன்னாத்தானே மரியாதை. அதனால நான் தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். உன் அக்கா முட்டி வலின்னு வீட்டுலயே இருந்துட்டா. (இந்த இடத்தில் பேனா சத்தம் நின்றுவிட்டது. எழுது தங்கம், நான் சொல்றபடி எழுது.) பட்டாளத்துல இருந்து வந்த மூக்கன் வீடு, தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் சுபாஷிணி வீடு, இப்படி நம்ம ஜனம் இருக்கிற பிளாக் எல்லாம் ஏறி இறங்கி, “ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி, மருமகளோட ரீல், குடும்பத்தோட பார்க்கணும்”னு சொல்லியாச்சு. கோல் மார்க்கெட்டுக்கே போய் லாலாஜிக்கும் ஒரு தட்டு வெச்சாச்சு. தப்பு எங்கேன்னா, தட்டுல வெத்தலையைப் பார்த்ததும் ஜனங்களுக்குக் காது அடைச்சுப் போச்சு. ரீலாவது மண்ணாவது, நாளும் நேரமும் மட்டும்தான் உள்ளே போச்சு. வெத்தலை வெச்சுட்டாங்க, போகலைன்னா நல்லா இருக்காது. அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை பத்து மணி. மூக்கன் பட்டு வேட்டியில வந்து நிக்கறான், கையில ஒரு எவர்சில்வர் குடம். “அண்ணே, உங்களுக்கு எண்பது ஆயிடுச்சா, சொல்லவே இல்லையே, சாந்தி எந்த ஐயர் பண்றாரு?”ன்னு என் கால்ல விழறான். எனக்கு எண்பது ஆகலைடான்னா, “அதனால என்னண்ணே, ஆசீர்வாதம் பண்ணுங்க”ங்கறான். பின்னாலயே சுபாஷிணி டீச்சர், பை நிறைய கண்ணாடி வளையல். நேரா உள்ளே போய், அடுப்பு முன்னாடி நின்ன பிரியாவோட கையைப் பிடிச்சு ஒவ்வொண்ணா மாட்டி விட ஆரம்பிச்சுட்டா. “டீச்சர், எதுக்கு டீச்சர்?”னு அவ கேக்க, “வெக்கப்படாதே”ன்னு இவ கன்னத்துல சந்தனம் பூச. நைட் டியூட்டி முடிச்சுத் தூங்கிட்டிருந்த பிரதீப் எழுந்து வந்து பார்த்துட்டு அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டான். “அப்பா, எனக்கே தெரியாம வளைகாப்பு வரைக்கும் எப்படிப்பா வந்துச்சு?”ன்னான். டேய், இது உன் மாமன் மக போட்ட ரீல்டான்னேன். அவனுக்குத் தலை இன்னும் சுத்திடுச்சு.

கொஞ்ச நேரத்துல வீடு கொள்ளலை. மாடிப்படி வரைக்கும் ஜனம். சாப்பாடு எத்தனை மணிக்குன்னு பார்வையாலயே கேக்கறாங்க. சமைச்சாத்தானே. வேற வழியில்லாம லாலாஜிக்குக் காட்டறதுக்காகச் சுட்டு வெச்சிருந்த முறுக்கு டின்னு, தட்டை டின்னு எல்லாத்தையும் திறந்தாச்சு. அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்கணும் மச்சான், வீடு பூரா கடக் முடக். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், போனை எடுங்க, ரீலைப் பாருங்கன்னு கெஞ்சறேன். “அதான் நேர்லயே வந்துட்டோமே சார், அப்புறம் எதுக்குப் போன்ல?”ங்கறாங்க. இதுக்குப் பதில் அக்ஷய்கிட்டதான் கேக்கணும் மச்சான். உன்கிட்ட இருக்கா? பிரியா சமையல்கட்டுல வளையல் கையோட போனைப் பார்த்தா. பார்த்தவங்க எண்ணிக்கையை விரல் விட்டு எண்ணிடலாம், அதுலயும் பாதி நான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

ஆனா மூக்கன் ஒரு வேலை பண்ணினான். பிரியா கன்னத்துல சந்தனத்தோட நிக்கிறதை போட்டோ எடுத்து, ‘கலியமூர்த்தி அண்ணன் மருமகள் வளைகாப்பு இனிதே நடைபெற்றது’ன்னு எழுதித் தமிழ்க் குடும்பங்கள் குரூப்புல போட்டான். பாரு, அக்ஷய் என்ன கேட்டான்? ஒருத்தர் பார்த்து இன்னொருத்தருக்கு அனுப்பணும்னான். அனுப்பினாங்க மச்சான், அனுப்பினாங்க. மயூர் விஹார்ல இருந்து ஆர்.கே. புரம், அங்கிருந்து துவாரகா, அங்கிருந்து நாலாவது மாடி. நாங்க குடிக்கத் தண்ணி குடுத்து முடிக்கறதுக்குள்ள உன் போன் வந்துடுச்சு. எங்க ரீல் ஒரு மாசம் ஓடினாலும் அந்த வேகம் வராது.

அந்தக் கூட்டத்துக்குள்ளதான் லாலாஜியும் வந்தார், பெண்டாட்டியோட, கையில ஒரு டப்பா லட்டு, பூஜைன்னு நெனச்சுக்கிட்டு. படியில ஏற வழியில்ல. ஏறற வழியெல்லாம் ஒருத்தர் விடாம வாயில முறுக்கு. மனுஷன் அப்படியே நின்னு பார்த்துட்டு, “பாயி சாஹப், யே சப் கோன் ஹை, இவ்வளவு பேரும் யாரு?”ன்னு கேட்டார். அதுக்கு, “லாலாஜி, நீங்க கேட்ட வியூஸ் இவங்கதான்”னு சொல்லியாச்சு. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அவர் சம்சாரம் டின்னுல மிச்சம் இருந்த ஒரே ஒரு தட்டையை எடுத்துப் பாதி கடிச்சு, மீதியை அவர் வாயில வெச்சாங்க. சிரிப்பு நின்னு போச்சு. மென்னு முடிச்சுட்டு, “அச்சா, தசரா முன்னாடி அனுப்பு பேட்டி, ஜல்தி, கல்லாப் பக்கத்துத் தட்டு உனக்கு”ன்னார். இதுதான் அந்த ஆர்டர். அது அவ கையில இருந்தும் அடுப்பு பத்தாம இருக்கிறது உன் ஒருத்தனாலதான்.

ஆக, அழைக்காம விட்டது நான், திட்டறதானா என்னைத் திட்டு. உன் அக்காவை ஒரு சொல் சொல்லக் கூடாது, அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு மச்சான், நியாயம்னு ஒண்ணு இருக்கு. லாலா கடையில நம்ம பொண்ணுக்கு இடம் கிடைச்சதே, அது யாரால? அக்ஷயாலயா? ஆப்பாலயா? தட்டைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறினேனே, இந்தக் கலியமூர்த்தியால. வெத்தலை வைக்கணும்னு தோணுச்சே, அந்த மூளை இந்த வீட்டுல வேற யாருக்கு இருக்கு? லாலாகிட்ட ஒரு பதில் சொன்னேனே, அது எம்.பி.ஏ. படிச்சா வருமா? அதனால நீயும் தங்கச்சியும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாம, லிஃப்ட் நிக்காம இருக்க ஆசீர்வாதம், அக்ஷய்க்கு மார்க்கெட்டிங்ல சந்தேகம்னா என்கிட்ட அனுப்பு, நான் அவனுக்கு முதல்ல

பின்குறிப்பு: சேகரு, இது அக்கா. பழியை எல்லாம் இவர் தலையில போட்டுக்கிட்டப்போ, நீ என்கிட்ட கோபிச்சுக்கக் கூடாதுன்னுதான் சொல்றார்னு வாயை மூடிக்கிட்டு எழுதினேன். இப்போ மூளையும் தன்னோடதுங்கறார். அதை என் கையால எழுதினா அடுக்காது. வெத்தலை வைக்கணும்னு சொன்னது நான். தட்டு என் கையில இருந்துச்சு. இவர் பின்னால பையைத் தூக்கிக்கிட்டு வந்தார், வீட்டுக்கு வீடு காபி குடிச்சார். லாலாகிட்ட சொன்னதும் நான்தான், இவர் அப்போ மூக்கனுக்கு ரெண்டாவது தடவை ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டிருந்தார். உனக்கு வெத்தலை வைக்காம விட்டதும் நான்தான். கூடப் பொறந்தவனுக்கு எதுக்குடா தட்டுன்னு நெனச்சேன். அது தப்புன்னா இங்க வந்து என் முகத்துக்கு நேரா சண்டை போடு. பிரியா இன்னிக்குச் சாயங்காலமும் கூப்பிடுவா. எடு.

இவர் இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்கார், கண்ணை மூடியிருக்கிறதால, பேனா சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு, நான் எழுதறது வேறன்னு தெரியலை. சொல்லட்டும். நீ எடுப்பேங்கற நம்பிக்கையில நான் மாவு சலிக்கப் போறேன்.