சுவிட்ச் அண்ணனும் வாட் மீட்டரும்

ஜொகூர் மாநிலத்தின் மின்சாரத்தைத் தனி ஒருவராகக் காப்பாற்றி வந்தவர் சிம்பாங் ரெங்கம் சுவிட்ச் அண்ணன். சுவிட்சைக் கண்டால் அணைத்துவிடுவார். கிளினிக்கில் காய்ச்சல்காரர்கள் தலைக்கு மேல் மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார். ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மண்டப விளக்குகளை அணைத்தார். "பகல்தானே, கழுத்து தெரியாதா?"

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அவர் நிலத்துக்கு மின்கம்பி கிடையாது. அங்கே எட்டு வருடமாக வளர்த்த நாட்டுக்கோழிகளை மரநாய் தின்றுவிட்டது. அந்த வம்சத்தில் மிஞ்சியவை பன்னிரண்டு முட்டைகள். நான் ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரி, ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி அமைத்துக் கொடுத்தேன். பெட்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க, பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு வாட் மீட்டரையும் இணைத்தேன்.

தவறு அதுதான். செலவாகும் மின்சாரத்தைக் காட்டும் எண் ஏற ஏற, அண்ணனுக்கு வியர்த்தது.

பத்தாம் நாள், தெப்ரா வட்டாரத்தில் மதியமே வேலை முடிந்து நேராக அங்கே போனேன். பெட்டி ஆறிக் கிடந்தது.

"யாருண்ணே சுவிட்ச அடைச்சா?"

"நான்தான்மா. ஏறிக்கிட்டே போவுதுலா!"

"இருபத்தோரு நாளு விடாம சூடு வேணும்ணே."

"கோழி மட்டும் விடாமலா உக்காருது? எழுந்து போயி மேஞ்சிட்டுதானே வருது!"

அவர் மனைவி விடவில்லை. "கோழி கா மணி நேரத்துல வந்துரும். நீங்க மூணு மணி நேரமா மேஞ்சிக்கிட்டு இருந்தீங்க!"

பெட்டியை ஓடவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். ஒன்பதில் சிவப்பு நரம்பு தெரிந்தது; உயிர் இருந்தது. இன்னும் பதினொரு நாள் இவரிடம் அவை பிழைக்க வேண்டும்.

அறிவுரை பலிக்காது. மின்சாரம் வராதபடி பேனலைச் சாக்கால் மூடினேன். மீட்டரைக் கழற்றி, பெட்டிக்கு ஃபியூஸ் வழியாக நேர் இணைப்புக் கொடுத்தேன். பேனலிலிருந்து வரும் கம்பிகளை மீட்டரின் 'சோர்ஸ்' பக்கம், பேட்டரிக்கு முன்னால் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலருக்குப் போகும் கம்பிகளை 'லோட்' பக்கம் மாட்டினேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. சாக்கை எடுத்தேன்.

அதே மீட்டர். எண் அதேபோல ஏறியது.

"இது சூரியன் குடுக்குறதுண்ணே."

"அலமாக்! அம்புட்டும் நமக்கா?"

அதன்பின் பெட்டியின் சுவிட்ச் பக்கம் அவர் கை போகவில்லை. காலையில் பேனலைத் துடைத்தார். மேகத்தை அதட்டினார். "என் மூஞ்சிய ஒருநாளாச்சும் இப்படி உத்துப் பாத்திருப்பாரா?" என்றார் அண்ணி.

இருபத்தோராம் நாள் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு நிமிடம். குஞ்சுகளின் கீச்சொலி, நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கைபேசியில் இடமில்லாமல் எத்தனையோ அழித்துவிட்டேன். அதை மட்டும் வைத்திருக்கிறேன்.