முன்பக்கம் அண்ணன்

ஒரே தலையில் இரண்டு வயதை வைத்துக்கொண்டிருந்த மனிதர் வளைகுடா முழுவதற்கும் ஒருவர்தான்: கராமா பகுதியில் எங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஏ.சி. மெக்கானிக். முன்னந்தலைக்கு முப்பது, பின்னந்தலைக்கு அறுபது, ஆளுக்கு நாற்பத்தைந்து. கூட்டி வகுத்தாலும் சரியாக வரும். அறையிலிருந்த மற்ற மூவரும் அவரை ‘முன்பக்கம்’ என்றே அழைத்தோம்.

நான் கிழமை தவறாமல் டைரி எழுதுகிறவன். எல்லா ஞாயிறுக்கும் ஒரே குறிப்புதான்: எட்டு மணி, அண்ணன் சாயம், ஒன்பது மணி, ஊருக்கு வீடியோ கால். ஃபோனில் தெரிகிற இடத்துக்கு மட்டும்தான் சாயம்.

“பின்னாடியும் பூசிடலாமேண்ணே?”

“எதுக்குத் தம்பி? எம்பொண்ணு என் முதுகுகிட்டயா பேசப் போகுது?”

சாயம் காயும் அரைமணி நேரம் யாரோடும் பேசமாட்டார். “வாரக் கவலை எல்லாத்தையும் இதுக்குள்ள பட்டு முடிச்சிரணும். தலையக் கழுவிட்டா கலாஸ், முடிஞ்சுது!” கழுவியதும் உண்மையிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை கவலை மிச்சமிருக்கிறதென்று கழுவாமலே உட்கார்ந்திருந்ததில் நெற்றி கறுத்துப்போய், ஒரு வாரம் தொப்பியோடு டூட்டிக்குப் போனார்.

குளறுபடி என்னால் வந்தது. அவர் மகளோடு பேசிக்கொண்டிருக்கையில் சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கதவிலிருந்த கண்ணாடி நேராக அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

“அப்பா, பின்னாடி ஒரு தாத்தா திரும்பி நிக்கிறாரே, யாரு?” என்றாள் பத்து வயது மகள்.

அண்ணன் கண்கூட இமைக்கவில்லை. “ரூமுக்குப் புதுசும்மா.”

“சாப்பிட்டாரா?”

அன்றிலிருந்து வாராவாரம் தாத்தாவின் நலம் விசாரிக்கப்பட்டது. அண்ணனும் சளைக்கவில்லை. தாத்தாவுக்கு முழங்கால் வலி. தாத்தா குழம்புக்கு உப்புப் போட மறந்துவிடுகிறார். தாத்தாவுக்கு ஊர் ஞாபகம், படுத்தால் தூக்கம் வருவதில்லை. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தன்னைப் பற்றி வீட்டுக்கு ஒருநாளும் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. அதை மட்டும் டைரியில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் ஊருக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது; அந்த வருடம் லீவு கிடைத்தது. மகளுக்கு ஒரே கவலை. “நீங்க வந்துட்டா தாத்தா தனியா இருப்பாரே. அவரையும் கூட்டிட்டு வாங்கப்பா.”

கிளம்புகிற அன்று சலூனில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். தலை முழுக்க ஒரே வெள்ளை.

“பொண்ணு ஒதுங்கிப் போயிருமா தம்பி?”

அவர் பெட்டியை வாசலுக்கு எடுத்து வைத்தேன். டாக்ஸி வரும்வரை அவர் சிரிக்கவேயில்லை.

மறுநாள் ஊரிலிருந்து பேசினார். “ஏர்போர்ட்டுல என்னையத் தாண்டி எட்டிப் பாக்குது தம்பி. ‘தாத்தா வந்துட்டீங்க, அப்பா எங்க?’ன்னு கேக்குது. ‘ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டுதாம்மா எடுத்தேன்’னேன். கொஞ்ச நேரம் தலையத் தடவித் தடவிப் பாத்துச்சு. அப்புறம் புடிச்ச கைய விடவே இல்ல.”

“நல்லதுண்ணே” என்றேன். எதற்கும் கிழமையும் நேரமும் குறித்தே பழகிய நான், எப்போது திரும்பி வருவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.