சட்டம் போட்ட கவிதை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

சாயப்பட்டறை மேலாளரான உங்கள் மாமனார் எழுதுவது. உங்கள் அத்தை நலம். நான் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள்.

எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பற்றி நீங்கள் பத்திரிகையில் எழுதிய கவிதையை முதலாளி படித்துவிட்டார். 'திங்களில் பச்சை, செவ்வாயில் சிவப்பு, புதனில் நீலம். நாளொரு புடவை உடுத்தும் ஓடையே, உனக்கு வாரி வழங்கிய வள்ளல் யார்?' என்று கிண்டலாகக் கேட்டிருந்தீர்கள். வேலைக்கு வேட்டு என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவரோ கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார். இத்தனை வருடத்தில் தன்னை ஒருவருமே வள்ளல் என்று சொன்னதில்லையாம். அன்றைக்கே அதைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் நான்தான் ராகத்தோடு வாசித்துக் காட்ட வேண்டும். இது கிண்டல் என்று சொன்னால் என் வேலை போகும்; சொல்லாததால் என் தொண்டை போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் போன வாரம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அம்மா வந்தார். ஒரு சொட்டுச் சாயம்கூட வெளியே போவதில்லை என்று முதலாளி அடித்துச் சொன்னார். தலையாட்டிக்கொண்டே அந்த அம்மா சுவரைப் பார்க்க, முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம மேனேஜரோட மாப்பிள்ளை எழுதினது மேடம். என்னைப் பத்திதான்."

அவர் நிதானமாகப் படித்தார். "அப்போ திங்கட்கிழமைன்னா பச்சையா, சார்?"

"கரெக்டா திங்கட்கிழமைதான் மேடம். கவிஞர் பொய் எழுத மாட்டாரு."

"இன்னிக்குப் புதன்," என்று சொல்லிவிட்டு அவர் பின்வாசல் வழியாக ஓடைக்கு நடந்தார். ஓடை நீலமாகத்தான் ஓடியது. உங்கள் கவிதையில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை, மாப்பிள்ளை.

பட்டறைக்குப் பூட்டு. சுத்திகரிப்புத் தொட்டி வேலை செய்யும்வரை திறக்கக் கூடாதாம். அந்தத் தொட்டிக்குள் வருடக்கணக்காகப் போட்டு வைத்திருந்த உடைந்த நாற்காலிகளை நான் இப்போது ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்த பிறகு எனக்கு வேலை உண்டா என்று முதலாளி சொல்லவில்லை. ஆகவே இனிமேல் நிலா, காதல் என்று யாருக்கும் தொந்தரவில்லாததாக எழுதுங்கள். ஆறு, காற்று, மரம் பக்கம் பேனா போகவே கூடாது. உங்களுக்கும் மகளுக்கும் என் கண்டிப்பான ஆசிகள்.

இப்படிக்கு,
நொந்துபோன மாமனார்

பின்குறிப்பு: இவ்வளவு நேரம் உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கோபமா எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் எழுந்து போனாள். அன்று பின்வாசல் பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதிகாரி அம்மா கேட்பதற்கு முன்பே திறந்துவிட்டேன். ஓடை இப்போது தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. நேற்று கால் நனைத்தேன். எங்கள் புகைபோக்கியைப் பற்றி இதுவரை யாருமே எழுதவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அதில் புகை கன்னங்கரேலென்று வரும். பட்டறை திறந்ததும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள், பேனாவோடு.